நான் காய்ச்சின மருந்து

அப்போ நான் அல்சூர்ல ஒரு கான்வென்ட் ஸ்கூல்ல டீச்சர். சுகாதாரப் பாடமும் என் தலையிலதான். தண்ணியக் காய்ச்சாம குடிக்கிறவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். வீட்டுல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டுமேன்னு இருப்பேன்.

ஒரு மழைக்காலத்துல, லிங்கராஜபுரத்துல இருந்த எங்க அக்கா, தன்னோட ஒரு வயசுப் பொண் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. மூணு நாளா சீதபேதி. ரத்தமும் சளியுமாப் போயி, அழக்கூடத் தெம்பில்லாம கெடந்துச்சு கொழந்த. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மருந்தெல்லாம் நீயே பாத்துக்கடி"ன்னு அக்கா அழுதா.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நல்லாப் பேசுவார். புதுசா வந்த மருந்துன்னு வாய் மூடின சின்னக் கண்ணாடிக் குழாய் ஆறு குடுத்தார். "டீச்சரம்மா, இதுக்குள்ள உயிர் இருக்கு. பேதிக் கிருமியைத் தேடிப் போயி அழிக்கிற வேற ஒரு கிருமி. காய்ச்சி ஆறின தண்ணியில கலந்து குடுங்க"ன்னார். "சரி சரி, தெரியும்"னு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா மனசு கேக்கல. சீச்சீ, கிருமிக்குக் கிருமியா? பச்சப் புள்ள வயித்துக்குள்ள உயிரோட எதையோ விடறதா? குழாயை உடைச்சு, மருந்தைத் தண்ணியில ஊத்தி, ரெண்டையும் சேத்துத் தளதளன்னு கொதிக்க விட்டு ஆறவெச்சேன். அக்கா சங்குல எடுத்து ஊட்டினா. ரெண்டு நாளும் அப்படித்தான்.

மூணாம் நாள் காலையில கொழந்த போயிடுச்சு.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் டாக்டர்கிட்ட சண்டைக்குத்தான் போனேன். "என்ன மருந்துங்க குடுத்தீங்க?"ன்னு கத்தினேன். எப்படிக் குடுத்தீங்கன்னு கேட்டார். சொன்னேன். "கொதிச்சா அது செத்துடும்மா. நீங்க குடுத்தது வெறும் தண்ணி. சரியாக் குடுத்திருந்தாலும் பொழச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது"ன்னார். அந்தக் கடைசிப் பேச்சைப் புடிச்சிக்கிட்டுத்தான் எத்தனையோ நாள் தூங்கினேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு மாதா கோயில்லேருந்து வர்ற வழியில அக்காகிட்ட சொல்லிட்டேன். உள்ள வெச்சுக்க முடியல, பாவி எனக்கு. அவ திட்டல, அழல. "ஊட்டினது என் கையாச்சேடி. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்"னா.

அப்புறம் அக்காவுக்கு ரெண்டு கொழந்தைங்க பொறந்துச்சு. கிறிஸ்துமசுக்கு வருவா, நல்லாப் பேசுவா, சிரிப்பா. ஆனா அந்த ரெண்டுல ஒண்ணுக்குக்கூட என் கையால ஒரு வாய் தண்ணி குடுக்க விட்டதில்ல. நானும் கேட்டதில்ல.