அது டில்லி விட்ட கோல் இல்லை

டில்லி, அந்தக் கோலை நீ விடவில்லைடா. பந்து என் காலில் பட்டுத்தான் உள்ளே போனது.

திருமழிசையில் எங்கள் கால்பந்து கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. யாரால் தோற்றோமோ, அவர்தான் எல்லோருடைய ஜெர்சியையும் துவைக்க வேண்டும். ஆவடியில் அரையிறுதியில் தோற்றதும் எல்லோரும் கீப்பர் டில்லியைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். துவைத்துக்கொண்டிருந்தான்.

"என் கால்ல பட்டத நீ பாத்தியாடா?"

"பாத்தேன் மச்சான். இப்பத்தான் டீமுக்கு வந்துகீற. சொன்னா உன்ன தூக்கிடுவானுங்கோ. கீப்பர் நான் ஒருத்தன்தான் கீறேன், என்ன இன்னா பண்ணுவானுங்கோ? வா, அந்தப் பக்கம் புடிச்சுப் புழி."

இருவரும் பிழிந்தோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் பைக் விபத்தில் போய்விட்டான்.

கிளப் நோட்டில் அந்த ஆட்டத்துக்கு நேராக 'டில்லி விட்ட கோல்' என்று எழுதியிருந்தது. காரியம் முடிந்த அன்று, எல்லோர் முன்னாலும் அதை அடித்து என் பெயரை எழுதினேன். யாரும் திட்டவில்லை. அவன் துவைத்து வைத்த ஜெர்சிகளையே மறுபடியும் துவைத்தேன். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை.

எங்கள் டில்லிக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.