விருச்சிகத்துக்கு ஏழாம் நம்பர் குதிரை

நீங்கள் குதிரை மேல் பணம் கட்டியதுண்டா? நான் கட்டியதில்லை. ஆனால் போன மாதம் முழுக்கக் குதிரைகளோடுதான் குடும்பம் நடத்தினேன். காரணம், என் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சிவகாசியில் சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். காலண்டர்தான் தொழில். பொங்கல் முடிந்தால் காலண்டர் பிரஸ்கள் படுத்துவிடும். வேலை கொடுக்க முடியாவிட்டால் மெஷின் ஓட்டுகிறவர் பட்டாசு கம்பெனி வேனில் ஏறிவிடுவார். ஏறினால் அடுத்த சீசனுக்குத் திரும்ப வரமாட்டார். மச்சானுக்கு வருஷா வருஷம் இதே கவலை.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி வந்தார். பெரிய ரேஸ் ஒன்று வருகிறது, அதற்குப் புத்தகம் அடிக்க வேண்டும். பிடித்திருந்தால் வாரா வாரம் ஆர்டர். மச்சான் புரூஃபைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கே வந்துவிட்டார்.

"நீங்கதான் பத்திரிகையில எழுதுறீகள்ல மாப்ளே. எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க. இது கையை விட்டுப் போச்சுன்னா மெஷினை ஆஃப் பண்ணிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"உங்களுக்குக் குதிரையைப் பத்தி ஏதாவது தெரியுமா மச்சான்?"

"தெரியாம என்ன? ஏழு வெள்ளைக் குதிரை காலண்டர் எம்புட்டு அடிச்சிருக்கோம்."

சரி என்று படிக்க உட்கார்ந்தேன். ஆயிரத்து இருநூறு மீட்டர் ஓட்டம். ஸ்பிரிண்ட் என்கிறார்கள். ஒரு நிமிஷம், கூடக் கொஞ்சம் செகண்ட் — முடிந்துவிடும். நம் ஊர் பத்தாயிரம்வாலா அதைவிட அதிக நேரம் வெடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு பக்கம் வரலாறு.

வெள்ளைக்காரன் ஆரம்பித்து வைத்தது. நம் அரசாங்கம் ஒரு காலத்தில் தடை போட்டது. அப்புறம் கோர்ட், இது சூதாட்டம் இல்லை, திறமை என்று சொல்லித் திறந்துவிட்டது. திறமைதான், யார் இல்லை என்றது? ஓடுவது குதிரை. ஓட்டுவது ஜாக்கி. பணம் கட்டுகிறவனின் திறமை எது என்று முப்பத்திரண்டு பக்கத்திலும் தேடினேன்... கிடைக்கவில்லை.

அடுத்து, பெட்டிங் போக்கு. ஊரே பணம் கட்டும் குதிரைக்கு ஃபேவரிட் என்று பெயர். ஃபேவரிட் பெரும்பாலும் ஜெயிக்கும். ஜெயிக்காத வருஷங்களில் தோற்கும். உள்பக்க கேட்டிலிருந்து கிளம்பும் குதிரைக்கு வசதி — வெளிப்பக்கக் குதிரை முந்தாதவரை. நாலு வயசுக் குதிரையை நம்பலாம். ஐந்து வயசுக் குதிரையை ஒதுக்க வேண்டாம். அதிக எடை சுமக்கும் குதிரை களைத்துவிடும். ஆனால் நல்ல குதிரைக்குத்தான் அதிக எடை கொடுப்பார்கள். இப்படி எழுத பட்ஜெட்டுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களால்தான் முடியும் என்று நினைத்திருந்தேன்.

பிழை திருத்தி அனுப்பினேன். விவகாரம் அதற்கப்புறம்தான்.

கடைசிப் பக்கத்தில் பாதி காலியாக இருந்திருக்கிறது. காலண்டர் அடிக்கிற ஊரில் காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ராகுகாலம், கௌரி நல்ல நேரம், முகூர்த்த நாள் — எதையாவது போட்டு நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. பார்ட்டியைக் கேட்கிற வழக்கமும் கிடையாது. மச்சானும் பழக்க தோஷத்தில் ராசிபலனைப் போட்டு நிரப்பிவிட்டார். ரேஸ் புத்தகம் ஆயிற்றே என்று கூடவே ராசிக்கு ஒரு குதிரை நம்பர்.

ஓடுவது பன்னிரண்டு குதிரை. ராசியும் பன்னிரண்டு. கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"நம்பரை எந்தக் கணக்குல போட்டீக மச்சான்?"

"கணக்கு என்ன கணக்கு. மேஷத்துக்கு ஒண்ணு, ரிஷபத்துக்கு ரெண்டுன்னு வரிசையாப் போட்டா ஒரு பய நம்பமாட்டான். அதான் கலைச்சுப் போட்டேன்."

லோடு சென்னையில் இறங்கிய அன்று சாயங்காலமே பார்ட்டி போனில் கிழித்துத் தொங்கவிட்டார். இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கிறோம், கடைசியில் கிளி ஜோசியமா? ஒரு புத்தகம் மிஞ்சினாலும் மொத்தமும் உன் தலையில்தான் என்றிருக்கிறார். இன்கமிங்குக்கே காசு போகும் செல்போனில் மச்சான் அரைமணி நேரம் திட்டு வாங்கினார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை.

"மெஷின்காரரு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனில பேசிட்டு வந்துட்டாரு மாப்ளே. நம்ம கையே நமக்கு எமனாப் போச்சு."

கேலி வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். நிஜமாகவே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடந்தது. வயசு, எடை, உள்பக்க கேட் — முப்பத்திரண்டு பக்கமும் கைகாட்டிய ஃபேவரிட் நாலாவதாக வந்தது. ஜெயித்தது யாருமே சீந்தாத ஏழாம் நம்பர். அதாவது... மச்சான் கணக்கில் விருச்சிகம்.

விருச்சிகக்காரர்கள் கடைசிப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். சரி, மீதிப் பதினோரு ராசிக்காரர்கள்? புத்தகம் போட்டவரிடம் சண்டைக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அவரவர் ஏழரைச் சனியைத் திட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டு குதிரையைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு வைத்தால் எது ஜெயித்தாலும் ஒரு ராசி ஜெயித்தே தீரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆராய்ச்சி தப்பினால் ஆராய்ச்சி பண்ணியவனை உதைக்கத் தேடுகிறோம். ஜோசியம் தப்பினால் நம் ஜாதகத்தின் மேல்தான் சந்தேகப்படுகிறோம்.

செவ்வாய்க்கிழமை மச்சானிடமிருந்து போன். குரலே வேறு.

"ஒரு புத்தகம்கூட மிஞ்சலையாம் மாப்ளே. பார்ட்டி வாரா வாரம் ஆர்டர் குடுத்துட்டாரு. மெஷின்காரரையும் இழுத்துப் பிடிச்சாச்சு. இனிமே ராசிபலன் முதல் பக்கத்துல கலர்ல வரணுமாம். அப்புறம்... வரலாறும் வேணுங்காரு."

"அதான் முப்பத்திரண்டு பக்கம் இருக்கே?"

"அது குதிரை வரலாறு. அவருக்கு ராசி வரலாறு வேணுமாம். போன பத்து வருஷமா எந்தெந்த ராசி நல்லா ஓடியிருக்குன்னு. உங்களை விட்டா அதை எழுத வேற யாரு இருக்காக?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். போனில் அவருக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். மிதுனம் மட்டும் கொஞ்சம் மந்தம்.