பனிமலை கேமுக்கு நான் சொன்ன முடிவு

1. வாசித்துச் சொல்லும் வேலை

ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். கொமியூனிகேஷன் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்காது. வீட்டில் போன் இல்லாதவர்கள் வந்து, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன பூத்துக்குள் நின்று பேசிவிட்டுப் போகிற கடை அது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் எங்கள் நம்பருக்குப் போன் கோல் எடுப்பார்கள். வீட்டு ஆட்கள் டயகமவில் இருந்தெல்லாம் விடிய பஸ் ஏறி வந்து, பெஞ்சில் பாதி நாள் காத்திருந்து, மூன்று நிமிஷம் பேசிவிட்டுப் போவார்கள்.

நான் சேர்ந்த அன்றைக்குத்தான் முதலாளி மூன்று கொம்பியூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். எனக்குக் கொடுத்த முதல் வேலையே விசித்திரமானது.

"கேம் விளையாட வருவானுங்க. அதுல இங்கிலீசுல என்னமோ எழுத்து ஓடுதாம். நீ ஏ.எல். படிச்ச புள்ளதானே, பின்னால நின்னு வாசிச்சுச் சொல்லு."

அப்படித்தான் நான் கேம்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். சுடுகிற கேமுக்கு என்னைத் தேடமாட்டார்கள். கதை உள்ள கேம் என்றால் "மிஸ், இங்க வாங்க" என்று கூப்பிடுவார்கள். நானும் சும்மா வாசிக்கவில்லை. ஊர்ப் பெரியவரைத் தோட்டத் தலைவர் ஆக்கினேன். குதிரையில் வருகிற பிரபு துரை ஆனார். ராட்சசி கூட என் வாயில் வந்தால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பைப்படியில் சண்டை போடுவது போலத்தான் பேசுவாள். தெரியாத சொல் வந்தால் முகம் மாறாமல் ஒன்றைச் சேர்த்துவிடுவேன். ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் கிடையாது.

2. செல்வராஜ் அண்ணன்

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கிற ட்ரையரில் வேலை செய்தவர் செல்வராஜ் அண்ணன். அவர் மனைவி லெட்சுமி அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எடுப்பார். அங்கே ஞாயிறு வேலை நாள் என்பதால் வீட்டுக்காரர்கள் வெளியே போயிருப்பார்கள். தீபாவளி வரை அந்தக் கோல் ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை.

தீபாவளிக்குப் பிறகு நின்றுபோனது. கடிதமும் இல்லை. அண்ணன் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. பெஞ்சில் வெறுமனே உட்கார்ந்திருக்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாள், "நானும் ஒரு கேம் வெளையாடுறேன் தங்கச்சி. மெதுவா ஓடுறதா போட்டுக் குடுங்க" என்றார். மௌஸைப் பிடித்த பிடியில் அது மூச்சுத் திணறியிருக்கும். அப்படிப் பிடித்தால் எலி செத்துப்போகும் அண்ணே என்று கேலி செய்தேன்.

நான் போட்டுக் கொடுத்தது 'பனிமலை'. அது நாங்கள் வைத்த பெயர். சீடியின் மேல் இருந்த எழுத்து எந்த நாட்டுடையது என்றே எங்களுக்குத் தெரியாது, கேமுக்குள் ஓடியது மட்டும் இங்கிலீஷ். கதை ஒரு மலைக்கிராமத்தில் நடக்கிறது. விறகு பொறுக்கப் போன ஒருத்தி பனிமூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். மலையில் இருக்கிற அம்மன் துணைக்கு அழைத்துக்கொண்டாள் என்று ஊரார் காலங்காலமாக ஒரு கதை சொல்கிறார்கள். விசாரிக்க வந்த பொலிஸ்காரன்தான் நாம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். ஓடைக்கரையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடைக்கும். அவள் புருஷன் மட்டும் யார் பேச்சையும் காதில் வாங்காமல், தினமும் இரண்டு கோப்பை எடுத்து வைப்பான்.

பத்துப் பன்னிரண்டு ஞாயிறு அந்தக் கேம் ஓடியது. பதினொரு மணி ஆனால் அண்ணனின் கை மௌஸில் இருக்கும், காது போனில் இருக்கும். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து, "அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார். கேமைச் சொல்கிறாரா, கோலைச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கேம் முடிந்தது. கடைசிக் காட்சியில் எழுத்தே இல்லை. புருஷன் மேசையில் இருக்கிறான். முன்னால் இரண்டு கோப்பை, ஒன்றில் தேநீர், மற்றது காலி. கதவு தானாகத் திறக்கிறது. பனி உள்ளே வருகிறது, வேறு யாரும் வரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறான். அதோடு திரை வெள்ளையாகிவிட்டது.

"என்னா தங்கச்சி சொல்றாங்க?" என்றார் அண்ணன்.

ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் சரியான பதில். நான் அதைச் சொல்லவில்லை. அவள் செத்துவிட்டாள், ஓடையில் செருப்பு கிடந்ததே அதற்குத்தான் என்று மளமளவென்று விளக்கினேன்.

"அப்ப அவன் ஏன் சிரிக்கிறான்?"

"பைத்தியம் புடிச்சிருச்சுண்ணே. காத்திருந்து காத்திருந்து புத்தி பேதலிச்சுப் போச்சு."

அவர் எழுந்து, உட்கார்ந்திருந்த கதிரையைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை.

3. அடுத்த ஞாயிறு

அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. சரியாகப் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் லெட்சுமி அக்கா.

அக்காவுக்கு அழ நேரமில்லை. வேலை பார்க்கிற வீட்டுக்காரர்கள் வீடு மாறிவிட்டார்களாம், புது வீட்டில் போனைப் பூட்டி வைக்கிறார்களாம். எழுதிய கடிதங்களைத் தபாலில் போட்டார்களா என்றும் தெரியவில்லையாம். அன்றைக்கு அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் சுத்தம் பண்ண விட்டதால் எடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், அடுத்த ஞாயிறும் அதே வீட்டில்தான் வேலை, அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணனிடம் கேட்டு நானே சொல்கிறேன் என்றேன்.

"வேணாம் தங்கச்சி. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வான்னு அவரு வாயால சொன்னா வர்றேன். அவரு வரலன்னா கையெழுத்து வச்சிருவேன்."

லைன் அறுந்துவிட்டது. நாலு மாதத்துக்கு மேல் காத்திருந்த மனிதர் வராத ஒரே ஒரு ஞாயிற்றில் அந்தக் கோல் வந்தது. காரணம் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

4. காப்பு

மறுநாள் முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்தில் காமன் கூத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதனை அவர் எரித்துவிடுவதும், ரதி அழுது மன்றாடுவதும், மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் வருவதும்தான் கூத்து. பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அந்தத் தோட்டத்தில் பல வருஷமாக ரதி, செல்வராஜ் அண்ணன்.

கூத்து வாத்தியாரிடம் அண்ணன் எங்கே என்று கேட்டேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்:

"இந்த வருசம் வேசம் வேணாம், ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போகணும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். போன திங்கக்கெழம தானா வந்து, காப்பக் கட்டுங்கன்னு கைய நீட்டுனான்."

போன திங்கள் என்றால், நான் அந்த முடிவைச் சொன்னதற்கு மறுநாள். காப்புக் கட்டியவர்கள் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே மாற்ற முடியாத வழக்கம். எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அண்ணன் வந்தார். லெட்சுமி அக்கா எடுத்தார், நல்லா இருக்கிறார் என்று சொன்னதும் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே, எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்று நானும் அழுதேன். அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. வரும் ஞாயிறு கோலில் அவரே பேச வேண்டும் என்றதும், மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பு நூலைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார் நாட்களை விரலில் எண்ணினார். வெள்ளி பௌர்ணமி, அன்றைக்கு எரிப்பு. ஞாயிறு சாயங்காலம் உயிர் எழுப்புவது. கோல் வருவதோ இடைப்பட்ட ஞாயிறு காலை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

"செல்வராசு எல்லையத் தாண்டக் கூடாது. ரதி தாண்டலாம். புருசன எரிச்சதுக்கப்புறம் அவ தேடிப் போகாத எடம் எது? வேசத்தக் கலைக்காம போயிட்டு வா."

5. பதினொரு மணி

ஹட்டனில் ஞாயிறு சனம் நெரிகிற நாள். பத்தரைக்கு எங்கள் கடை வாசலில் ரதி வந்து இறங்கினாள். சிவப்புச் சேலை, தலையில் கிரீடம், தோளில் கண்ணாடி பதித்த மரக்கட்டைகள், முகத்தில் அரிதாரம், அதில் வியர்வைக் கோடு. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்களாம், கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லையாம். வேடிக்கை பார்க்கப் பின்னால் ஒரு கூட்டம்.

எங்கள் முதலாளி இஸ்லாமியர். கூத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"யாரும்மா இது?"

"ரதி, முதலாளி."

"போனுக்கா வந்திருக்காங்க?"

ஆமாம் என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் தன் கதிரையை எடுத்துப் போட்டார்.

பதினொன்று ஆனது. போன் அடிக்கவில்லை. ஒரு வியாபாரி கொழும்புக்குப் பேச வேண்டும் என்று நின்றார். லைன் பழுது என்று அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். பத்து நிமிஷம் போனது. அண்ணன் கை வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். பதினொன்றே காலுக்கு அடித்தது.

பூத்துக் கதவுக்குள் தோள்கட்டை நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி ஒருவாறு உள்ளே போனார். கிரீடம் இடித்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. அதனால் எனக்கும் கேட்டது.

"வந்துரு லெட்சுமி. போதும். இருக்குறத வச்சுப் பொழச்சுக்கலாம்."

அப்புறம் அந்தப் பக்கத்தில் இருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நானா? ரதி வேசத்துல நிக்கிறேன்" என்றார். குவைத்தில் அக்கா சிரித்த சிரிப்பு ஹட்டனில் எனக்குக் கேட்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருக்கு முன்னால் பலகைச் சுவர் மட்டும்தான். அந்தச் சுவரைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பனிமலையில், திறந்த கதவைப் பார்த்து அவன் சிரித்த அதே சிரிப்பு. அதற்குத்தான் நான் பைத்தியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் அண்ணன் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, மூணாம் நா மன்மதன் எந்திரிச்சாலும் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். ஊருக்குத் தெரியமாட்டான். நானும் வருசா வருசம் அந்த எடத்துல சும்மா வெறும் எடத்தப் பாத்துத்தான் சிரிக்கிறேன். அந்தக் கேம்ல சிரிச்சவனும் அதயேதான் செஞ்சான்னு அன்னைக்கு எப்புடித் தோணாமப் போச்சுன்னு தெரியல."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பனிமலையை முடித்தார்கள், முடிவு என்ன மிஸ் என்று கேட்டார்கள். கதவு திறந்தது, அவன் சிரித்தான், அதில் இருப்பது அவ்வளவுதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். வாசித்துச் சொல்கிறவள் எழுதாததைத் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது. இந்த ஒரு பாடத்துக்கு அந்த எட்டு வருஷச் சம்பளத்தையும் ஈடாக வைக்கலாம்.

லெட்சுமி அக்கா அந்த வருஷமே வந்துவிட்டார். பெட்டியோடு பஸ்ஸில் இருந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் முன் அண்ணனோடு எங்கள் கடைக்கு வந்தார். இவரைப் பாடாய்ப் படுத்திய அந்தக் கேமைக் காட்டுங்கள் என்றார். கடைசிக் காட்சியைப் போட்டேன். கதவு திறந்தது, பனி வந்தது, அவன் சிரித்தான். அக்கா காலியாக இருந்த இரண்டாவது கோப்பையை விரலால் காட்டினார்.

"இவன் என்னா ஆளு? பொம்பள பனியில நடந்து வந்து நிக்கிறா. தேத்தண்ணி ஊத்தாம சிரிச்சுக்கிட்டே இருக்கான்."

செல்வராஜ் அண்ணன் எழுந்து, எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போனார்.