முள்முடி சூட்டும் வேலை

ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் எனக்கு ‘கிரவுன்’ என்ற வினைச்சொல் ஒரு நிமிட வேலை. பெயராக அது எல்லாருக்கும் தெரியும். வினையாக வந்தால் முடி சூட்டு. பிஷப் ராஜாவுக்கு முடி சூட்டினார், எழுதிக்கோங்க, அடுத்த சொல். போன தவக்காலத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி விடவில்லை.

“ஏன் சார், ராஜாவே எடுத்து மாட்டிக்கினா ஆவாதா?”

“ஆவாது. இந்த வெர்புக்கு ரெண்டு பேரு வேணும். உக்கார்றவரு ஒருத்தரு, வெக்கிறவரு ஒருத்தரு” என்றேன். பெரிய பண்டிதர் மாதிரித்தான் சொன்னேன். அந்த வாரமே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். கத்தோலிக்கக் குடும்பமானாலும் ஆந்திரா எல்லை வழக்கம் எங்களை விடவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும், இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில் வருஷா வருஷம் ஆண்டவர் வேடம் அவருக்குத்தான். அந்தத் தவக்காலத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகைக்கு, காவடிக் கூட்டத்துக்கு ஒதுங்கி ஓட்டப் போய், அரக்கோணம் ரோட்டில் பைக்கோடு விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். சென்னையில் ஒரு பக்கத்து மண்டையோட்டை எடுத்துவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப வைத்துத் தைத்தார்கள். மொட்டைத் தலையோடு ஊர் திரும்பினார். திருத்தணியில் மொட்டையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? “இன்னா வேண்டுதல்ங்க?” என்று பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார்கள்.

வீட்டில் மட்டும் அந்தத் தலையை யாரும் தொடுவதில்லை. குழந்தைகளை அவர் பக்கத்தில் படுக்க விடமாட்டாள் அக்கா. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. யார் நம்பினார்கள்? நானும்தான் நம்பவில்லை.

தவக்காலம் வந்ததும் “இந்த வருஷமும் நான்தான்” என்றார் பாவா. “நீங்க நடிச்சது போதும். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று அக்கா சண்டை போட்டாள். வழக்கமாகச் சிப்பாய் வேடம் போட்டு அவருக்கு முள்முடி வைக்கும் தையல்காரர், “அந்தத் தலையில நான் கைய வெக்கமாட்டேன்பா” என்று கழன்றுகொண்டார். பாவா என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருஷம் சும்மா இருந்தால் குடியா முழுகிவிடும்?

“எல்லாரும் என்னைக் கண்ணாடி சாமான் மாதிரி பாத்துகினு இருக்கீங்க. நீயுமா மச்சான்?” என்றார். சிப்பாய் வேடத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

முள்முடியை நானே செய்தேன். கயிற்றைத் திரித்து, உள்ளே பஞ்சு வைத்து, சைக்கிள் டியூபை வெட்டி முள் செருகினேன். கைக்குழந்தையைக்கூடக் குத்தாது. அப்படியும் ஒத்திகையில் அதைத் தலைக்கு மேலே பிடித்துவிட்டு, “வெச்சாச்சு” என்று நழுவிவிடுவேன்.

பெரிய வெள்ளியன்று கோயில் முற்றம் நிறையக் கூட்டம். பாவாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பொதட்டூர்பேட்டையில் நெய்த சிவப்புத் துணியைப் போர்த்தி, கையில் நாணல் குச்சியைக் கொடுத்தோம். ராஜாவுக்குச் செய்கிற எல்லாமும் உண்டு, ஆனால் கேலிக்கு. அகராதியில் அரை வரியில் முடிகிற சொல்லுக்குள் இவ்வளவு பயம் இருக்கும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. கொஞ்சமாக வளர்ந்த கிராப்புக்கு நடுவே தழும்பு லாடம் மாதிரி வளைந்து கிடந்தது. பட்டும் படாமலும் வைத்தேன். முள்முடி சரிந்து காதில் தொங்கியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அழுத்து மச்சான், விழப்போவுது” என்றார் பாவா, உதடு அசையாமல்.

“வேணாம் பாவா.”

“அட, அழுத்துடா. ஒண்ணும் ஆவாது.”

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். உள்ளங்கைக்குக் கீழே எலும்பு கெட்டியாக இருந்தது. இன்னும் அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை. நல்ல மண்டை, முழு மண்டை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிப்பாய் ஏளனமாகச் சிரிக்க வேண்டிய இடமும் அதுதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். “படுபாவி, எப்படிச் சிரிக்கிறான் பாரு” என்று ஒரு அம்மா வயிறெரிந்து திட்டினார். திட்டட்டும். அத்தனை மாதத்தில் அன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

நாடகம் முடிந்து வேடம் கலைக்கும் அறைக்குப் போனால், அங்கே அக்கா நிற்கிறாள். வரமாட்டேன் என்றவள் கூட்டத்தில் நின்று முழுசாகப் பார்த்திருக்கிறாள். பாவாவின் தலையெல்லாம் ரத்தத்துக்காகப் பூசிய சிவப்புச் சாயம். புடவைத் தலைப்பை வாளியில் நனைத்து, அந்தத் தழும்பின் மேலேயே வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

“ஏய், மெதுவா! தோலு உரியுது!” என்று கத்தினார் பாவா.

“சும்மா காட்டுங்க தலைய” என்று அக்கா இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.