நாற்காலிக்கு அடியில் நான் தேய்த்த எழுத்து

எங்கள் வாடகைக் கடையில் ஒரு விதி உண்டு. அண்டாவோ, கரண்டியோ, ஜமக்காளமோ, எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் முதல் வேலையாகச் சிவப்பு பெயிண்டில் கடையின் எழுத்தைப் போட்டுவிட வேண்டும். முகூர்த்த நாளில் திருத்தணியில் ஒரே மண்டபத்துக்கு மூன்று கடைச் சாமான் போகும். எழுத்து இல்லாத கரண்டி பந்தி முடிந்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். என் மனைவியின் மிக்ஸி மூடியில்கூடக் கடை எழுத்து இருக்கிறது.

அந்தத் தேக்கு நாற்காலியை நைனா, என் அப்பா, ஏலத்தில் எடுத்து வந்தபோது எனக்கு இருபது வயது. ஏதோ அரசாங்க விடுதியைக் காலி செய்தபோது விட்ட ஏலம். சாய்ந்த முதுகு, பிரம்புப் பின்னல், விரித்துப் போட்ட கவட்டைக் கால்கள், ஒரு தட்டையே வைக்கிற அளவுக்கு அகலமான கை. வளைகாப்புப் பெண்ணை உட்கார வைக்க இதைவிடத் தோதான நாற்காலி கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கவில்லை என்பார்கள். அது ஏன் என்று எனக்கு நெடுநாள் கேள்வி. டேப்பை வைத்து நானே அளந்து பார்த்திருக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். எழுபது வயதை ஒட்டியிருக்கும். போனில் ஒரு படத்தைக் காட்டினார். பக்கத்து ஆர்.கே.பேட்டையில் நடந்த ஒரு வளைகாப்பு. நாற்காலியை ஜிகினாத் துணி போட்டு மூடியிருந்தார்கள், ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலை வைத்தே அடையாளம் கண்டு, வளைகாப்பு வீட்டில் விசாரித்து எங்கள் கடைக்கு வந்துவிட்டாராம்.

"இது எங்கப்பா செஞ்சது சார்" என்றார்.

நாற்காலியைத் துடைத்து அவரையே அதில் உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, நான் கேள்வியை ஆரம்பித்தேன். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த கேள்வி ஆயிற்றே.

அவர் அப்பா மெட்ராஸில் ஒரு அரசாங்க ஆபீசில் படம் வரைகிறவர். விடுதிகளுக்கும் நூலகங்களுக்கும் நாற்காலி வேண்டும் என்றபோது ரயில்வே வெயிட்டிங் ரூம்களில் போய் உட்கார்ந்து, தூங்கி வழிகிற மனிதர்களை நோட்டில் வரைந்தாராம். குமாஸ்தாக்களின் சட்டை முதுகில் வியர்வை எங்கே பிடிக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் பிரம்புப் பின்னல் வைத்தாராம். எனக்குச் சிலிர்த்தது. டேப்பில் பிடிபடாதது இதுதானா!

படங்களில் கையெழுத்துப் போட்டவர் மேலதிகாரி, வெளிநாட்டுக்காரர். பேரும் அவருக்கே போயிற்று. மனம் வெறுத்து வேலையை விட்டவர், பிறகு பள்ளிக்கூட பெஞ்சு, ஆஸ்பத்திரிக் கட்டில், பஸ் சீட்டு என்று வரைந்து, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் சேர் கம்பெனிக்கு அச்சும் வரைந்து கொடுத்தாராம். கடையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் சேர்களை நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"இப்ப அந்த நாற்காலிங்களப் பத்தி ஒரு புஸ்தகம் போடறாங்க. எல்லாம் அந்த வெள்ளைக்காரர் பேர்லதான் வருது. முதல் நாற்காலியில மட்டும் சீட்டுக்கு அடியில, பின்சட்டத்துல, தன் பேரோட முதல் எழுத்தச் சூடு போட்டேன்னு அப்பா சொல்லுவாரு. தமிழ்ல. அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே. அது இருந்தா போதும் சார்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அப்படி ஒரு எழுத்து இருந்தது எனக்குத் தெரியும். அதைத் தேய்த்தவனே நான்தான்.

"நான்தாம்மா அழிச்சேன். புதுசா எழுத்துப் போடறதுக்கு முன்னாடி பழசை எடுத்துடுவோம். ஆழமா இருந்துச்சி, உளி வச்சி செதுக்கி அரை நாளு தேச்சிகினு இருந்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "என்ன எழுத்து?" என்று மட்டும் கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்து என்பது நினைவிருந்தது, எந்த எழுத்து என்பது இல்லை.

நாற்காலியைக் கவிழ்த்து, தின்னர் விட்டு என் சிவப்பு பெயிண்டைத் துடைத்தேன். அடியில் குழிந்த மரம். ஓரத்தில் ஒரு சின்னச் சுழி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கட்டை விரலை அதில் வைத்தார்.

"எங்கப்பா 'க' போட்டா இப்படித்தான் சுழிப்பாரு" என்றார். முகம் சின்னப் பெண் முகமாகிவிட்டது. "'க'தானே சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட ஒரு நொடி ஆகாது. யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நாளைக்குப் புத்தகக்காரர்கள் வந்து பார்த்தால் இவர் வாயிலிருந்து வந்த உண்மையும் பொய்யாகிவிடுமே என்று பயந்தேன்.

"அது எழுத்து இல்லம்மா. என் உளி வழுக்கின இடம்."

அவர் விரலை எடுக்கவில்லை. "தமிழ்லதான் இருந்துச்சு, அது நிச்சயமா?" என்றார்.

"ஆங், சத்தியமா."

"அத எழுதிக் குடுங்க."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். 'இந்த நாற்காலியின் அடியில் சூடு போட்ட தமிழ் எழுத்து ஒன்று இருந்தது. அதை அழித்தவன் நான்.' கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, தன் அப்பா பெயரை அந்தத் தாளில் எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டார்.