பசுந்தாங்கிலிருந்து பின்லாந்து காட்டியது

போகாத ஊருக்கு ஆள் அனுப்புவதுதான் என் தொழில். பர்மாவில், பசுந்தாங்கு வட்டாரத்தில், மேல்மாடி அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். என் பங்குக்கு வந்தது பின்லாந்தின் லாப்பேன்ராந்தா என்கிற ஏரிக்கரை நகரம். தினமும் பத்துப் பேர் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஊர்ப் பெயர்

போனில் ஓர் அம்மா, மகனுக்காக விசாரித்தார். "லாப்பேன்... ராந்தா" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பெரிய ஏரி, பழைய கோட்டை, அமைதியான மக்கள் என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் கடைசியில் கேட்டார்: "வராந்தா இருக்கட்டும்மா, பிள்ளை படுக்க உள்ளே ரூம் குடுப்பாங்களா?"

மணல் சிற்பம்

கோ நசீர், அதாவது நசீர் அண்ணன், அலோன் படகுத்துறையில் மணல் இறக்கி விற்கிறவர். தங்கை மகளுக்காக வந்திருந்தார். லாப்பேன்ராந்தாவில் ஆண்டுதோறும் மணலைக் குவித்து, ஆளைவிடப் பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள் என்று படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணை எடுக்காமல் பார்த்தார். கடைசியில் ஒருவராவது மயங்கினாரே என்று எனக்குப் பூரிப்பு. அவர் நிமிர்ந்தார். "நல்ல மணல். பார்த்து முடிஞ்சதும் யாருக்கு விக்கிறாங்க?"

எல்லை

அந்த ஊரிலிருந்து ரஷ்ய எல்லை பக்கம். நமக்கோ எல்லைப் பட்டணம் என்றாலே தாய்லாந்து சோப்பு, பிஸ்கட், செருப்பு. அதனால் மகள் செல்வியோடு வந்திருந்த டோ ராணி, அதாவது ராணியம்மா, ஆவலாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கத்துச் சாமானெல்லாம் மலிவா வருமா?"

எல்லையை மூடிவிட்டார்கள், யாரும் போக முடியாது, வர முடியாது என்றேன். இந்த வாடிக்கையாளர் போச்சு என்று நினைத்தேன். டோ ராணி மகளை ஒரு பார்வை பார்த்தார். "ஊர் சுத்த வழியில்ல, சாமான் வாங்க வழியில்ல. படிச்சுத்தான் ஆகணும். இதையே போடுங்க."

சானா

அடுத்த முறை செல்வியின் அப்பா மணியம் ஐயா, இங்கத்து வழக்கில் ஊ மணியம், வந்தார். ஏப்ரல் மாதம், காலையிலிருந்தே கரண்ட் இல்லை. விளம்பரத் தாளால் விசிறியபடியே சானாவை விளக்கினேன். மர அறைக்குள் கல்லைச் சூடாக்கி, அதில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் வேர்க்க விறுவிறுக்க உட்காருவார்கள். தாங்க முடியாதபோது ஓடிப்போய் ஏரியில் குதிப்பார்கள்.

ஊ மணியம் முதுகோடு ஒட்டியிருந்த சட்டையைப் பிய்த்து இழுத்தார். "உட்கார்ற வரைக்கும் ஆச்சும்மா. ஏரி எங்க?"

நேர்காணல்

இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் துணிக்கடைக்குத்தான் என்று செல்விக்கு வீட்டில் சொல்லிவிட்டார்கள். போனில் வீடியோ நேர்காணல். "எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று அங்குள்ள ஆசிரியை கேட்டார். ஏரி, கோட்டை, அமைதி என்று நான் ஒரு வாரமாக உருப்போட வைத்திருந்தேன். செல்விக்கு அத்தனையும் மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து மின்விசிறியும் நின்றது. கன்னத்தில் குளிர்ச்சிக்குப் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் கரைந்து வழிந்தது.

"இங்கே புழுக்கம்" என்றாள் ஆங்கிலத்தில். "ஒரு தடவையாவது குளிரில் நடுங்கிப் பார்க்க ஆசை."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆசிரியை சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "குளிருக்கு நான் பொறுப்பு."

இடம் கிடைத்துவிட்டது.

அங்கிருந்து ஒரு போன்

டிசம்பரில் செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். கம்பளிக்குள் கண் மட்டும் தெரிந்தது. அங்கே பிற்பகல்தான், அதற்குள் இருட்டிவிட்டது. மணல் சிற்பம் பார்த்தாயா என்றேன். அது கோடைக்குத்தானாம். படகுச் சவாரி? ஏரி உறைந்து கிடக்கிறது. கோட்டைக்குள் காபிக் கடை? பூட்டு.

பிள்ளையை ஏமாற்றி அனுப்பிவிட்டோமோ?

அவள் சிரித்தாள், வாயிலிருந்து புகை புகையாக வந்தது. "நீங்க சொன்னதெல்லாம் இருக்குக்கா, மூடி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். எனக்கு ஊர் ரொம்பப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட மட்டும் குளிரைச் சொல்லிடாதீங்க."

இப்போதெல்லாம் யார் வந்து கேட்டாலும் ஏரி, கோட்டை, மணல் என்று பழையபடியே அடுக்கிவிட்டு, இருமுவதுபோல் "கோடையில்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொள்கிறேன்.