சுண்ணாம்புக் கலயம்

தங்கராஜு விற்ற காப்பியில் காப்பி கிடையாது. அதை அவரே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து, சியோனான் என்று பெயரையும் மாற்றிய பிறகு, காப்பிக்கொட்டை கண்ணில் பட்டால்தானே வறுப்பதற்கு? மக்காச்சோளத்தைக் கருக வறுத்து, காய்ந்த மரவள்ளிக் கிழங்குச் சில்லையும் சேர்த்து இடித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பார். கருப்பட்டி கிடைத்த நாளில் இனிக்கும். கிடைக்காத நாளில் சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

"அண்ணே, இது காப்பியா, கஷாயமா?"

"கஷாயம்னா ரெண்டு மடங்கு கேப்பேன்லா. காப்பின்னே நெனச்சுக் குடி."

தேக்கா சந்தைக்குப் பின்னால், கெர்பாவ் சாலை முனையில் அவருடைய தள்ளுவண்டி நிற்கும். எதிர்ப்பக்கத்தில் கள்ளுக்கடை. இது தற்செயலாக அமைந்த இடமல்ல. ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவரே பார்த்துப் பிடித்த இடம்.

நீடாமங்கலத்துப் பக்கத்திலிருந்து அண்ணனோடு கப்பலேறி வந்தவர் தங்கராஜு. இருவருக்கும் செம்பவாங் கப்பல்துறையில் துருச் சுரண்டும் வேலை. சம்பள நாளன்று அண்ணன் கள்ளுக்கடைக்குப் போனால், தம்பி வாசலில் நின்று கூட்டிவர வேண்டும். ஒரு சம்பள நாளில் தம்பிக்குக் காய்ச்சல், போகமுடியவில்லை. விடிந்ததும் அண்ணனைப் பெரிய கால்வாயிலிருந்துதான் தூக்கினார்கள். அதன்பின் தங்கராஜு வேலையை விட்டார், சீர்திருத்தச் சங்கமொன்றில் சேர்ந்தார், கள்ளுக்கடை எதிரே வண்டி போட்டார். குடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதுமா, வேறு என்ன குடிப்பது என்றும் காட்ட வேண்டாமா என்பது அவருடைய கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பை அணைத்துவிட்டு, 'கள்ளை விடு, பிள்ளையைப் பார்' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நிற்பார். குடிக்க வருகிறவர்கள் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு நுழைவார்கள். அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது.

கல்யாணமும் சங்கத்து முறையில்தான். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. மந்திரத்துக்குப் பதில் ஓர் உறுதிமொழி. "உயிருள்ளவரை நாங்கள் இருவரும் கள்ளைத் தொடமாட்டோம்" என்று மாப்பிள்ளை சொல்ல, பெண் திருப்பிச் சொன்னாள். அத்தனை பேர் நடுவே பேசிப் பழகாத செங்கமலத்துக்குப் பாதியில் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. அவள் இருமுகிறாளோ அழுகிறாளோ என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் செங்கமலத்துக்குத்தான் இப்போது கால் வீங்கியது.

ரேஷனில் கிடைத்த கொஞ்சம் அரிசியும் புழு விழாமலிருக்கச் சுண்ணாம்பு தூவி வந்தது. அந்த வாடை போகும்வரை அவள் கழுவுவாள். வடித்த கஞ்சியையும் கொட்டிவிடுவாள். சோறு மல்லிகைப்பூவாக இருக்கும். முதலில் பாதம் மரத்தது. பிறகு கணுக்கால் ஊதியது. கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பாமல் அப்படியே நின்றது. அக்கம்பக்கத்தில் பலருக்கும் இந்த வீக்கம் இருந்தது. காலில் இருக்கும்வரை நடக்கலாம், மூச்சில் ஏறிவிட்டால் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் தங்கராஜு மனைவியின் காலை அமுக்கிப் பார்ப்பார். குழி நிற்கும்.

மாடியறையில் குடியிருந்த ஏரம்பமூர்த்தி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் அவளுடைய காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில மருந்து இல்லை, தங்கராசு. இருக்கிறமாதிரி நடிக்கேலாது. கள்ளுக் குடுங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை. அரிசியையும் இப்பிடிப் போட்டுக் கழுவாதேங்கோ."

"கள்ளா?"

"ஓம், கள்ளுத்தான். உம்மைக் குடிக்கச் சொல்லேல்லையே. அவவுக்கு மருந்து சொல்லுறன்."

தங்கராஜு அன்று முழுக்க யோசித்தார். சங்கம் என்று சொல்ல அப்போது எதுவும் மிச்சமில்லை. செயலாளர் ஊரைவிட்டுப் போயிருந்தார். உறுப்பினரில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப்போய்விட்டார்கள். கேட்பதற்கு ஆளில்லை. கேட்க ஆளில்லாததாலேயே அந்த உறுதிமொழி முழுப் பாரமாக அவர் ஒருவர் தலையில் இறங்கியதோ என்னவோ. சாயங்காலம், கேலாங் தோப்பில் தென்னை மரம் ஏறும் முத்துசாமியைத் தேடிப் போனார்.

"ஒரு கலயத்துல மட்டும் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுறியா? பதநீரா வேணும்."

முத்துசாமி தலையைச் சொறிந்தார். "டிரெஸ்ஸர் கள்ளுன்னு சொன்னதாத்தானே கேள்விப்பட்டேன்?"

"ரெண்டும் ஒரே பாளையிலேருந்துதானே வடியுது? போதையை மட்டும் எடுத்துட்டா அது கள்ளுல சேர்த்தி இல்ல. சத்து எங்க போயிடும்?"

"எனக்கென்ன தெரியும். கேக்கிறீங்க, கட்டுறேன். பதநீர்னா கடைக்காரனும் கணக்குக் கேக்கமாட்டான்."

மனைவியை ஏமாற்ற வேண்டுமென்று தங்கராஜு நினைக்கவில்லை. டிரெஸ்ஸர் பேச்சையும் கேட்டாயிற்று, கொடுத்த வாக்கும் நின்றது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். தன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. காப்பாற்ற ஒரு நல்ல பெயர் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்து, "இந்தா, டிரெஸ்ஸர் சொன்னது" என்று கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

தினமும் குடித்தாள். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது. சோளம் இடிக்க உலக்கையைத் தூக்கினால் பாதியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள். மருந்து வேலை செய்ய நாளாகும் என்று தங்கராஜு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏரம்பமூர்த்தி மறுபடி வந்து பார்த்தபோது அவருடைய முகம் மாறியது.

"கள்ளுக் குடிக்கிறியளோ, தங்கச்சி?"

"குடிக்கிறேன் சார். ஒரு நாளும் விடல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நான் பயந்த மாதிரி இல்ல. தேன் மாதிரியில்ல இருக்கு."

"தேன் மாதிரியோ?"

மூலையில் கலயம் இருந்தது. அவர் அதை எடுத்து உள்பக்கம் விரலால் வழித்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"இது பதநீரல்லோ! சுண்ணாம்பு போட்டாப் புளிக்காது. புளிச்சு நுரைச்சு வாற அந்தப் புளிப்பிலதான் இதுக்குரிய சத்து இருக்கு. இவ்வளவு நாளும் இவவுக்குச் சீனித்தண்ணியோ குடுத்தனீர்?" தங்கராஜுவின் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. "மூச்சு வாங்கத் துவங்கீட்டுது. இனி விளையாட நேரமில்லை."

அவர் படியேறிப் போனார்.

"அப்ப நான் கள்ளே குடிக்கலையா?" என்றாள் செங்கமலம்.

"இல்ல."

"சபையில சொன்ன சொல்ல மீறிட்டோமேன்னு தெனமும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே குடிச்சேங்க. எங்க ஆத்தா கனவுல வந்து ஏசிச்சு. அத்தனையும் பதநீருக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது மூச்சை அடைத்தது. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடந்தாள். தங்கராஜு அவளுடைய முதுகைத் தடவினார்.

அவர் முத்துசாமியிடம் ஓடினார். ஒரு போத்தல் கள் கேட்டார்.

"பதநீர்னா தரலாம். கள்ளுன்னா ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது, அண்ணே. எல்லாம் கடைக்கு அளந்து ஊத்தணும். கடையிலயும் பாத்திரத்துல குடுக்கமாட்டான். வாங்கிக் கள்ளச் சந்தையில வித்துடறாங்கன்னு நிறுத்திட்டான். யாருக்கு வேணுமோ அவங்க வந்து உக்காந்துதான் குடிக்கணும்."

"அவளால நடக்க முடியாதுய்யா."

"அப்பத் தூக்கிட்டு வாங்க."

மறுநாள் காலை காப்பி விற்கவில்லை. வண்டியிலிருந்து அடுப்பையும் பானையையும் இறக்கினார். அவள் உட்காரப் பலகை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பலகை கட்டிலடியில் கிடந்தது. அதை இழுத்து, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வண்டிமேல் ஆணியடித்தார். செங்கமலத்தைத் தூக்கி உட்கார்த்தினார். சாலை முனையில் துப்பாக்கியோடு நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்கு அவர் இடுப்பு வளைத்துக் கும்பிட்டார். அவள் உட்கார்ந்தபடியே குனிந்தாள். அவன் அவளுடைய காலைப் பார்த்துவிட்டு, போ என்று கையசைத்தான்.

கள்ளுக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சிப்பாயைப்போல் விட்டுவிடவில்லை.

"அடடே, சங்கத்துக்காரரு! வாங்க வாங்க. போர்டு எங்க, மறந்துட்டீங்களா?"

"போர்டுக்குப் பதிலா பொண்டாட்டியக் கொண்டாந்துட்டாருலா!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தங்கராஜு தலைகுனிந்து நின்றார். பதில் வண்டிமேலிருந்து வந்தது.

"போர்டு எங்கயும் போகல. நான் அதுமேலதான் உக்காந்திருக்கேன்."

கடையே சிரித்தது. அவளை இறக்கும்போது சேலை விலகிக் கால் தெரிந்தது. சிரிப்பு நின்றது. ஒருவர் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். தங்கராஜு அப்போதுதான் குனிந்த தலையோடு ஒன்றைக் கவனித்தார்: பெஞ்சுக்கடியில் வரிசையாக இருந்த கால்களில் ஒன்றுகூட வீங்கியிருக்கவில்லை. இத்தனை வருடம் இவர்களுடைய முகத்தை மட்டுமே பார்த்து நின்றிருக்கிறார்.

நுரைத்த குவளை வந்தது. செங்கமலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"குடி, செங்கமலம்."

"சொன்னது ரெண்டு பேரும் சேர்ந்துதானே? நான் மட்டும் எப்படி மீறுறது?"

"உனக்கு இது மருந்து."

"மருந்துன்னு சொல்லித்தானே பதநீரையும் குடுத்தீங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுரையிலிருந்து எழுந்த வாடை அண்ணனின் சட்டை வாடை. தோளில் கைபோட்டு நடத்திக் கூட்டிவந்த ஒவ்வொரு சம்பள நாளும் அந்த வாடையில் இருந்தது. அதைக் கழுவத்தானே இத்தனை வருடம் நின்றார்? அல்லது அந்தக் காய்ச்சல் நாளில் போகாததற்கா? அவருக்குத் தெரியவில்லை. யோசித்து முடிக்க நேரமுமில்லை. பக்கத்தில் அவளுடைய மூச்சு விசில்போல் இழுத்துக்கொண்டிருந்தது. குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தார். குமட்டியது. விழுங்கினார்.

"போதுமா?"

அவள் வாங்கி மடமடவென்று குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"கருமம். இதுக்கா இத்தனை பேரு வர்றாங்க?"

யாரும் கைதட்டவில்லை. பெஞ்சில் இடம் விட்டவர் மட்டும், "பழகிடும், தங்கச்சி" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வண்டி போயிற்று. தெருவில் அதற்குச் செங்கமலம் தேர் என்று பெயர் வந்தது. தினமும் முதல் வாய் அவர் குடித்தால்தான் மீதியை அவள் குடிப்பாள். நாளடைவில் அவருக்குக் குமட்டுவது நின்றதா என்று கேட்டால், தங்கராஜு அடுப்பை ஊத ஆரம்பித்துவிடுவார். வண்டியைத்தான் கொண்டுபோகிறோமே என்று பானையையும் கூட ஏற்றினார். குடித்துவிட்டு வெளியே வருகிறவர்கள், வீட்டுக்குப் போகுமுன் வாயை மாற்ற அவரிடம் ஒரு காப்பி வாங்கினார்கள். இப்போது யாரும் முகத்தைத் துண்டால் மறைக்கவில்லை. அவரும் யாரையும் நிமிர்ந்து பார்த்து உபதேசம் செய்யவில்லை. சம்பளம் வாங்கிய கையோடு யாராவது தள்ளாடி வந்தால் மட்டும், வண்டியை அப்படியே விட்டுவிட்டு, தோளில் கைபோட்டு வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டு வருவார்.

வீக்கம் மெல்ல இறங்கியது. தொடையிலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து கணுக்காலுக்கு. ஒரு காலையில் வழக்கம்போல் கட்டைவிரலால் அமுக்கினார். குழி விழுந்தது, விழுந்ததும் எழும்பி மூடிக்கொண்டது. நம்பமுடியாமல் மறுபடி அமுக்கினார். மறு காலையும் அமுக்கினார்.

செங்கமலம் காலை இழுத்துக்கொண்டாள்.

"அமுக்குனது போதுங்க. அங்க சோளம் கரியுது பாருங்க."

"கரியட்டும்" என்றார் தங்கராஜு. "அது கரிஞ்சாத்தான் காப்பி."